காலி நாற்காலியில் என் சால்வை

அன்புத் தங்கை தியோஃபிலாவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஹாம்பர்க் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் உதவாவிட்டால் ஊரில் நீ நடத்தும் நம் சங்கத்தின் முதியோர் சாப்பாட்டுக் கூடத்தைக் குளிர்காலத்தில் மூட வேண்டியதுதானே. அந்தக் கூடத்தில் எடுத்து நீ அனுப்பிய கல்லறைத் திருநாள் விருந்துப் படத்தை அதிகாரியம்மாள் உற்றுப் பார்த்தார்.

"இந்த நாற்காலி மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"செத்தவங்களுக்கு அன்னிக்கு ஒரு தட்டு வைப்போம்மா."

"சால்வைகூடப் போட்டிருக்கீங்களே! யாரோடது?"

என்னுடையது. பின்னும்போது நான் தவறவிட்ட கண்ணிகூடப் படத்தில் தெரிந்தது. கன்னியர் மடத்தில் வளர்ந்து பொய் பழகாத என் வாய், என்னைப் பற்றியே "ரொம்பக் கண்டிப்பான மனுஷி, எல்லாரையும் திட்டுவா," என்று சொல்லி நின்றுவிட்டது. அவர் கண் கலங்கி, "பணம் வரும், கவலைப்படாதீங்க," என்றார்.

குளிருக்கு யாரோ எடுத்துவந்து அங்கே மறந்திருப்பார்கள், தெரியும். ஆனாலும் இன்று காலை, இங்கே நான் வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் வயதான அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டும், செத்துப்போனவள் மாதிரி எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

சால்வையைத் துவைத்து அனுப்பு. கம்பளிக் காலுறையும் வை. அந்த நாற்காலியில் இனி தினமும் யாரையாவது உட்கார வை.

அம்மாள் மறுபடி கூப்பிடுகிறார். இந்த முறை உரக்கப் பதில் சொல்லப் போகிறேன்.

உன் அக்கா,
கஷிமிரா