எதிர் வீட்டுக்காரி ஜெர்மனிக்குப் போய்விட்டாள்

செப்டம்பர் 9, திங்கள்

அழைப்புமணிக்குப் பக்கத்தில் என் பெயரை ஒட்டினேன். ஒட்டிவிட்டு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன். மாக்வாலா கெலஷ்வீலி. கொஞ்சம் கோணல். பரவாயில்லை, நானும் அப்படித்தான்.

இத்தாலிக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் பெயர் எந்தக் கதவிலும் இருந்ததில்லை. வடக்கே பெர்கமோ பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்கள் வீட்டிலேயே படுக்கை, அவர்கள் மேஜையிலேயே சாப்பாடு. பெரியவர் கண்ணை மூடினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு. ஜார்ஜியாவிலிருந்து தங்கை போனில் கேட்பாள், "இப்ப யார் வீட்டுல இருக்கே?" அதற்கு ஒரு தடவையாவது "என் வீட்டில்" என்று சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்காகத்தான் தெற்கே இந்த மலையூருக்கு வந்து, ரொட்டிக்கடையில் காலை வேலை பிடித்து, கோடைத் தொடக்கத்தில் இந்தச் சந்தில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்தேன்.

இன்று நகராட்சியில் குடியிருப்புப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. காவலர் ஒருவர் வீட்டுக்கு வருவாராம். நான் உண்மையிலேயே இங்கே இருக்கிறேனா என்று பார்ப்பாராம். பார்த்தால்தான் பதிவு நிற்கும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எப்போது வருவார் என்று கேட்டேன்.

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு சோதனையாம்மா?" என்றாள் அங்கே இருந்த பெண்.

ஆள் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டுமே! என் அக்கம்பக்கம் தங்கமாயிற்றே.

செப்டம்பர் 10

கடையிலிருந்து வந்ததும் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. காபித்தூள்தான் தீர்ந்தது.

செப்டம்பர் 18

வீத்தோ அண்ணன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சந்தின் முனையில் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். பூனைகூட அவரைக் கேட்காமல் உள்ளே வராது. இன்று நான் வேலை முடிந்து வரும்போது கண்ணடித்தார்.

"நிம்மதியா இருங்கம்மா. சீருடைக்காரன் ஒருத்தன் வந்து உங்களைக் கேட்டான். அப்படி யாருமே இந்தச் சந்துல இல்லைன்னு அனுப்பிட்டேன்."

"மணிப்பக்கத்துல என் பேரே இருக்கே, அண்ணே!"

"அதையும் கேட்டான். அது பழைய குடித்தனக்காரி பேருன்னுட்டேன்."

அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. எப்படித் திட்டுவது? இந்தச் சந்தில் சீருடைக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. மணி என்ன என்று கேட்டால்கூடக் கடிகாரம் ஓடவில்லை என்பார்கள். போன மாதம் அதை நானே ரசித்துச் சிரித்தேன். இப்போது வேண்டியதுதான் எனக்கு.

விஷயத்தை விளக்கினேன். "அடடா" என்றார். அப்புறம் யோசித்து, "இருந்தாலும் சீருடை சீருடைதானேம்மா" என்றார்.

எதிர் வீட்டு நூன்ட்சியாக்காவிடமும் சொல்லி வைக்க வேண்டும். நாளைக்கு.

அக்டோபர் 4

சொல்லவில்லை. அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், நான் மறந்தேன். முட்டாள், முட்டாள், முட்டாள்.

இன்று கதவைத் தட்டினாள், கையில் தட்டு. பொரித்த கத்தரிக்காய், மேலே சீஸ். நான் குடிவந்த முதல் வாரத்திலிருந்து இந்தத் தட்டு ஓயவில்லை. தினமும் காலையில் தன் வீட்டுக்கு முன்னால் கல்லைக் கழுவும்போது என் பக்கத்தையும் சேர்த்தே கழுவிவிடுவாள். அப்படிப்பட்ட மனுஷி.

"சாப்பிடுங்க, உங்களுக்கு இனிமே தொல்லை இல்ல. அந்தக் காவக்காரன் மறுபடி வந்தான். நீங்க ஜெர்மனிக்குப் போயிட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

"ஜெர்மனிக்கா?!"

"ஒரு ஆளோட."

வாயில் கத்தரிக்காய் இருந்ததால் நான் பேசவில்லை. என் மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். "பெல்ஜியம்னு சொல்லலாம்னுதான் முதல்ல பார்த்தேன். ஆனா அங்க என் மச்சினன் இருக்கான், விசாரிச்சாலும் விசாரிச்சிடுவாங்க."

அந்த ஆள் யாரென்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அக்டோபர் 7

நகராட்சிக்கு ஓடினேன். காவலர் பெயர் லொருஸ்ஸோ. கனத்த உடம்பு, களைத்த முகம், சட்டையில் சர்க்கரைப் பொடி.

"என் தகவல்படி நீங்க ஜெர்மனியில இருக்கீங்களேம்மா."

"உங்க முன்னாடி நிக்கறேனே ஐயா!"

"முன்னாடி நிக்கறது வேற, குடியிருக்கறது வேற."

மத்தியானம் வந்தால் நான் கட்டாயம் வீட்டில் இருப்பேன் என்றேன். என்னமோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் பார்த்தார். "மத்தியானமா? மனுஷன் சாப்பிட வேணாமா?"

கடைசியாக ஒருமுறை வருகிறேன் என்றிருக்கிறார்.

அக்டோபர் 8

வீத்தோவையும் நூன்ட்சியாவையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சீஸ் ரொட்டி சுட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு நிற்காவிட்டால் நான் மறுபடி யார் வீட்டிலோ ஒண்டிக்கொள்ள வேண்டியவள்தான் என்றபோது குரல் உடைந்துவிட்டது. நூன்ட்சியாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"கவலையை விடுங்க. இனிமே அவன் வரட்டும். நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

இப்போது எழுதும்போதுதான் உறுத்துகிறது. பாத்துக்கறோம் என்றால்?

அக்டோபர் 22

பாத்துக்கொண்டார்கள்.

காலையில் லொருஸ்ஸோ வந்திருக்கிறார். வீத்தோ நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றாராம். என்னை இந்தச் சந்தில் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும், தன் பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போனேன் என்றாராம். நூன்ட்சியா ஒரு படி மேலே போய், என் ஞானஸ்நானத்தன்று தான்தான் பாதாம் மிட்டாய் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

மாலையில் காபிக்கடையில் லொருஸ்ஸோவே என்னைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஜெர்மனி. இன்னிக்கு இங்கயே பொறந்து வளந்தவங்க. உங்க சந்துல யார் சொல்றதையும் நான் எழுதப் போறதில்ல. என் கண்ணால பாத்தா எழுதுவேன், இல்லைன்னா அடிச்சிடுவேன்."

"எப்ப வருவீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவில் ஞானஸ்நான மிட்டாய் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. பைத்தியக்கார ஊர். இதைப் போய் எனக்கு இவ்வளவு பிடித்துத் தொலைத்திருக்கிறது.

அக்டோபர் 30

ரொட்டிக்கடை முதலாளியிடம் ஒரு வாரம் விடுப்புக் கேட்டேன். "புனிதர் பண்டிகை வாரத்துலயா?" என்று சிரித்தார். அதுதான் பதில்.

நவம்பர் 6

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் கடை அடுப்பு பழுதாகி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்துக்குள் நுழைகிறேன். நூன்ட்சியா வழக்கம்போல் கல்லைக் கழுவுகிறாள். வாளியில் பிளீச்சிங் தண்ணீர். வாசல் ஓரத்தில் நான் மரப்பெட்டியில் கொத்தமல்லி வளர்க்கிறேன் அல்லவா, இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காதே என்று தங்கை அனுப்பிய விதை. அந்தப் பெட்டிக்குள் நிதானமாக வாளியைக் கவிழ்க்கிறாள். கால் இடறி இல்லை. வேண்டுமென்றே.

"என்ன பண்றீங்க?"

"உங்களுக்கு நல்லதுதான் பண்றேன். இந்தப் புல்லு மூட்டப்பூச்சி நாத்தம் அடிக்குது. கோடை முழுக்கப் பொறுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. மரியாதை, கத்தரிக்காய்த் தட்டு, எல்லாம் பறந்துபோயிற்று.

"என் வாசல்ல கை வைக்க நீ யாரு?"

"உன் வாசலா? என் மாமியா காலத்துலருந்து இதை நாங்கதாண்டி கழுவறோம்!"

"உன் மாமியாரா வாடகை கட்டறா? நான் கட்டறேன்! இது என் வாசல்!"

"புல்லைத் தின்னுட்டுப் பேச்சைப் பாரு! ஜெர்மனிக்கே போய்த் தொலையேன்!"

"போக மாட்டேன்! இங்கதான் இருப்பேன்! உன் எதிர்லயே இருப்பேன்! சாகற வரைக்கும் தினம் காலையில என் மூஞ்சியிலதான் முழிப்பே!"

நடுநடுவே ஜார்ஜிய மொழியிலும் சில சொன்னேன். அவை இங்கே எழுதத் தகுந்தவை அல்ல. சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் விளக்குமாற்றை ஆட்டினாள், நான் ஒழுகும் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன், வீத்தோவின் நாற்காலியில் லொருஸ்ஸோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற வீத்தோ எனக்குக் கண்ஜாடை காட்டிக் காட்டி ஓய்ந்திருந்தார். இருவருக்கும் நல்ல பொழுதுபோக்கு என்று முகமே சொன்னது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் மெதுவாக எழுந்து, மாடிக்கு வந்து, என் கட்டிலையும் துவைத்துக் காயப்போட்டிருந்ததையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொடைமேல் காகிதத்தை வைத்து எழுதினார்.

"என்ன எழுதறீங்க?"

"குடியிருக்கீங்கன்னு."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. விருந்தாளியோட யாரும் இப்படிச் சண்டை போட மாட்டாங்க."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை நிறைய.

நவம்பர் 7

தொண்டை கட்டிவிட்டது. எதிர் வீட்டுச் சன்னல் திறக்கவில்லை.

நவம்பர் 13

தன் வீட்டு எல்லையோடு கழுவுவதை நிறுத்திக்கொள்கிறாள். சாக்கட்டியால் கோடு போட்டதுபோல் அவ்வளவு துல்லியம். தட்டு வருவதில்லை. எனக்கு வலிக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கொத்தமல்லி என்னுடையது.

வீத்தோ சமாதானம் பேச வந்தார். "அவ கூடப்பொறந்த அக்காவோடயே வருஷக்கணக்குல பேசாம இருந்தவ. இது அவளுக்குச் சாதாரணம்மா." ஆறுதல் சொல்லும் விதம் இதுதான் போலும்.

நவம்பர் 26, செவ்வாய்

மத்தியானம் சன்னலருகே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கீழே புதிய தபால்காரர். நகராட்சியிலிருந்து பதிவுத் தபாலாம். வீத்தோ சாப்பிடப் போயிருந்ததால் அவரைத் தடுக்க ஆளில்லை. மழையில் நனைந்து மணிப்பக்கத்தில் என் பெயர் அழிந்துவிட்டது போலிருக்கிறது, ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்தார். கடைசியில் அண்ணாந்து நூன்ட்சியாவைக் கேட்டார், கெலஷ்வீலி என்று யாராவது உண்டா என்று.

கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. சீருடையும் தொப்பியும் போட்ட ஆள். நூன்ட்சியா என்ன சொல்வாள்?

பால்கனியிலிருந்து அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "அந்த வாயாடியா? எதிர் வீடுதான். மேல இருக்கா. எங்க போவா அவ? இங்கதான் இருப்பா!"

தபால்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னம்மா?" என்றார்.

நான் கிழங்கை வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அவள் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று சன்னலுக்குப் பின்னாலேயே நின்றேன்.