குதிரை வயிற்றில் கிடந்த கவசம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் திருடவில்லை என்று இப்போது ஊருக்கே தெரியும் அண்ணே. சர்க்கார் மட்டும் தெரியாததுபோல் இருக்கிறது.

அம்மனின் வெள்ளிக் கவசம் எங்கே இருந்தது தெரியுமா? மரக்குதிரை வாகனத்தின் வயிற்றுக்குள். திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து கோயில் மணியம் ராமலிங்கம்தான் துணியில் சுற்றி அங்கே வைத்திருக்கிறார். வைத்ததை மறந்துவிட்டாராம். அன்று காவல் உங்கள் முறை என்பதை மட்டும் கோர்ட்டில் எப்படி மறக்காமல் சொன்னார்?

நீங்கள் ஜெயிலுக்குப் போன பிறகு முதல் மரியாதைத் தகராறில் திருவிழாவே நின்றுபோனது. குதிரையை யாரும் தொடவில்லை. போன பங்குனியில் வர்ணம் பூச இறக்கியபோது ஆசாரி கையில் கவசம் அகப்பட்டது. அதற்குள் நீங்கள் ஜெயிலிலேயே இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

போன வாரம் தாலுகா குமாஸ்தா ஒரு காகிதத்தோடு வந்தார். திருவரங்குளம் சாலையோரம் இரண்டு ஏக்கர் நஷ்டஈடாம். சாட்சிக் கையெழுத்துப் போட யார் வந்தது? அதே ராமலிங்கம். படித்துப் பார்த்தேன். ‘கைதியின் குடும்பத்துக்குக் கருணையின் பேரில்’ என்று இருந்தது. சமஸ்தானம் சென்னையோடு சேரப்போகிறது என்கிறார்கள். அதற்குள் பழைய வழக்குக் கட்டுகளை மூடிவிடப் பார்க்கிறார்களோ?

“அவர் திருடலைன்னு இதுல எங்கங்க இருக்கு?” என்று கேட்டேன்.

குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “அப்படி எழுதுனா தண்டிச்சவங்க மேல தப்புன்னு ஆயிருமேங்க.”

“படிச்ச வாத்தியாருக்கு எதுலயும் சந்தேகந்தான். நெலம் அவருக்கா வருது?” என்றார் ராமலிங்கம்.

அது சுட்டது. நிலம் அண்ணிக்கு. கல் உடைக்கப் போகிறவர் அவர். சம்பளம் வாங்கும் வாத்தியாருக்கு ரோஷம் சுலபம். உங்களுக்காகத்தான் மறுக்கிறேனா, இந்த ஆள்மேல் உள்ள வன்மத்திலா? எனக்கே நிச்சயமில்லை. அதனால் காகிதத்தை அண்ணிக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டு முடிவை அவரிடமே விட்டேன்.

அண்ணி அதை வாங்கி மடித்துக் குமாஸ்தாவிடமே நீட்டினார்.

“திருடன் அம்புட்டான்னு நாலு தெருவுலயும் தமுக்கு அடிச்சீங்கள்ல. திருடலைன்னும் அடிச்சுட்டு வாங்க. அப்பறம் கைநாட்டு வைக்கிறேன்.”

சொல்லிவிட்டுச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ராமலிங்கம் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை.

அண்ணே, மனு எழுதத் தொடங்கிவிட்டேன். சமஸ்தானம் போய்ச் சென்னை சர்க்கார் வந்தாலும் எழுதுவேன். நம் தெருவில் அந்தத் தமுக்குச் சத்தம் கேட்கிறவரை விடமாட்டேன்.

யாரையும் நம்பாத, உங்களை மட்டும் நம்பிய
தம்பி சின்னையா