முடிவில்லாச் சுவடியும் இருவர் வகுத்த விதியும்

நலம் பெருகுக. ஏழு ஏரிகளுக்கும் இரு மலைகளுக்கும் உரிய வெண்குன்ற நாட்டு வேந்தரின் திருவாய்மொழிப்படி, பெருமந்திரி பூதன் மாறனார், பூந்துறைத் தலைவர் சேந்தன் எயினனாருக்கு விடுக்கும் ஓலை. உடைந்த உம் ஏரி மீண்டும் நிறைக. மேடேறிப் பிழைத்த உம் மக்கள் வீடு திரும்புக.

கரை விரிசல் கண்டதும் ஆள் வேண்டி நீர் விடுத்த ஓலை மூன்று நாள் பிரிக்கப்படாமல் கிடந்ததையும், அதனால் கரை உடைந்து விளைந்த நெல்லும் மாடுகன்றும் வெள்ளத்தோடு போனதையும் கேட்டு மந்திரியார் அன்று சோறு உண்ணவில்லை. ஓலை மண்டபத்துத் தலைமை வாசிப்பாளர் ஆதன் கீரனாரை நாடு கடத்தவேண்டும் என்ற உமது முறையீடும் வந்து சேர்ந்தது.

நடந்தது இதுவே. ஊர்பேர் தெரியாத ஒருவன் தந்துபோன சுவடியில், முதலேட்டின் பொருள் கடையேட்டில் விளங்கும் என்றிருந்தது. கடையேட்டிலோ, முதலேட்டை மீண்டும் ஓதிய பின்னரே இது முடியும் என்றிருந்தது. கீரனார் முதலேட்டுக்கும் கடையேட்டுக்குமாய்ச் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வாசித்தார். தொண்டை கட்டியும் எழவில்லை. கட்டவிழ்த்த ஓலையை முடிக்காமல் வாசிப்பவர் எழலாகாது, அது முடியும்வரை மண்டபத்தில் எவரும் வேறோலை பிரிக்கலாகாது என்பது விதி. உம் ஓலை அவர் முழங்காலருகே அடுத்ததாகக் காத்திருந்தது. கரை உடைந்த செய்தி வந்த பின்னரே வேந்தர் சொல்லால் அச்சுவடி மூடப்பட்டது.

அவ்விதி பிறந்த நாள் உமக்கு நினைவிருக்கிறதா? அரும்பு மீசையோடு நீரும் மந்திரியாரும் கீரனாரும் அம்மண்டபத்தில் ஒரே பாயில் அமர்ந்து ஓலை வாசித்த காலம் அது. மஞ்சள் பூசிய ஏட்டின் மணமும், பிழைபட வாசித்தவர் மற்றிருவருக்கும் மோர் கொணரும் பந்தயமும் இனி எங்கே வரப்போகின்றன! எளியவர் ஓலையைப் பாதியில் போட்டுவிட்டுச் செல்வர் ஓலையை எடுக்கும் வழக்கம் கண்டு கொதித்து, அவ்விதியைச் சொன்னவர் நீர், எழுதியவர் மந்திரியார். மூச்சுவிடவாவது இடம் வேண்டாமா என்று தயங்கியவர் கீரனார் ஒருவரே. அவரைக் கோழையென்று இருவருமாய்ச் சிரித்ததை மந்திரியார் மறக்கவில்லை. நல்லெண்ணத்தில் போட்ட வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

ஆதலால் வேந்தர் ஆணை: தொடங்கிய இடத்துக்கே மும்முறை திரும்பும் ஓலையை வாசிப்பவர் கட்டி ஒதுக்கி, அடுத்ததைப் பிரிப்பாராக. கரையை அடைக்க ஐந்நூறு பேர் இவ்வோலையோடு வருகின்றனர். நாடு கடத்துவதா என்ற தீர்ப்பு உம்மிடமே விடப்பட்டது. அதைக் கேட்கக் கீரனாரும் காவலின்றி அவர்களோடு வருகிறார்.

நாரை முத்திரை அரக்கில் பதிக்கப்பட்டது. வாசிப்பவரின் தொண்டை இன்னும் தேறவில்லை. அவருக்கு ஒரு குவளை நீர் தருக. இதை உமக்கு வாசித்துக்கொண்டிருப்பவர் கீரனார்.