மரதன் ஓடிய பாவாடை

11.8.96, ஞாயிறு இரவு

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று மனைவி பூமணியின் வெள்ளை உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்க, லண்டன் கோலியர்ஸ் வுட் பார்க்கில் நின்றேன். எங்கள் ஊர்ச்சங்க விளையாட்டுப் போட்டியில் பெரியவர்களுக்கும் வேசம் போடும் வினோத உடைப் போட்டி உண்டு. இந்த முறை நூறு வருடத்துக்கு முன், 1896இல், உலகத்தில் நடந்த ஏதாவது ஒன்றாக வரவேண்டும் என்றார்கள்.

மூன்று வருடமாகக் கோப்பை பூமணியின் தம்பி குகனுக்குத்தான். படித்தவன். எக்ஸ்ரேயை உலகம் அறிந்தது அந்த வருடமாம். கறுப்புச் சட்டையில் விலா எலும்பெல்லாம் வெள்ளையில் கீறிக்கொண்டு வந்தான். இன்னொருவர் சான்சிபார் சுல்தான். அவர் பிரிட்டனோடு பிடித்த சண்டை ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லையாம். எங்கள் வீட்டுச் சண்டை அதைவிட நீளம்.

"அத்தான், அக்காவின்ரை பாவாடை எந்த வருசத்துச் சரித்திரம்?" என்று குகன் எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்.

"எலும்புக்கூட்டோட கதைக்க எனக்குப் பயமடா."

நடுவரிடம் சொன்னேன்: "அந்த வருசம் நடந்த முதல் ஒலிம்பிக்கில மரதன் ஓட்டம் வெண்ட கிரேக்கன் நான். தண்ணி காவி வித்தவன். இப்பிடிப் பாவாடைதான் அவையின்ரை உடுப்பு."

சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். மற்ற வேசங்கள் நின்றன, நான் மட்டும் ஓடினேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். பூமணிகூட எழும்பி நின்று கை தட்டினாள்.

கோப்பை எனக்கு. பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பரிசு வாங்காதவனுக்கு.

"வெண்டிட்டியள் அத்தான்," என்று எலும்புக்கூடே கை தந்தது.

கோப்பை நல்ல பாரம். மேடையில் இரண்டு கையாலும் வாங்கினேன். ஓடினதில் இளகியிருந்த நாடா அப்போது அவிழ்ந்தது. பாவாடை கீழே விழுந்தது. கோப்பையை நான் விடவில்லை.