ஐந்து மதிப்பெண் கேள்வி

ஏப்ரல் 25, 2025, வெள்ளி

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தி முடித்தேன். எண்பத்து நான்கு தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே போனேன். வெட்டுத்துண்டு கேள்வியில் பாதிப் பேருக்குச் சுழி. கோடு x அச்சை எங்கே வெட்டுகிறது, y அச்சை எங்கே வெட்டுகிறது என்று தொண்டை கிழியச் சொன்னேன். என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 29

கணக்கில் முப்பத்தைந்துக்குக் கீழே மூன்று பேர். மூவருக்கும் டி.சி. கொடுக்கச் சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர் தேவசிகாமணி. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமாம்.

செம்மநத்தம் சௌமியா முப்பத்திரண்டு. அவளுடைய அப்பா சித்தன் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், மூணு மார்க்குதானுங்களே?"

"ரூல்ஸ் அப்படிங்க."

எந்த ரூல்ஸ்? எங்கே எழுதியிருக்கிறது? அவர் கேட்கவில்லை.

மே 14, புதன்

பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு. அதே கேள்வியைப் பலகையில் போட்டேன். 3x + 4y = 24. என் விடைக்குறிப்பைப் பார்த்தே எழுதினேன்.

திவ்யா எழுந்தாள். "மிஸ், x வெட்டுத்துண்டு வேணும்னா y-ஐத்தானே சுழியாக்கணும்? நீங்க x-ஐச் சுழியாக்கி வந்த ஆறை x-க்கு எழுதியிருக்கீங்க."

y சுழி என்றால் 3x = 24. x எட்டு. x சுழி என்றால் 4y = 24. y ஆறு. நான் தலைகீழாக எழுதியிருக்கிறேன்.

பலகையைத் துடைத்தேன். "கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்" என்றேன். வாய் கூசவில்லை.

மதியம் அலுவலக பீரோவிலிருந்து தாள்கட்டை எடுத்தேன். சௌமியாவின் வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. x அச்சில் எட்டு, y அச்சில் ஆறு. அதன் மேல் என் சிவப்பு மை: "அச்சு மாறியுள்ளது. 0/5."

முப்பத்திரண்டும் ஐந்தும் முப்பத்தேழு.

கட்டு முழுக்கப் பார்த்தேன். சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் ஐந்து போயிருக்கிறது. ஆனால் அதனால் தோற்றவள் அவள் ஒருத்திதான்.

மே 15

ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"முப்பத்தேழு எடுக்கற புள்ள போர்டு எக்ஸாம்ல என்னங்க பண்ணும்? டி.சி. குடுத்தாச்சு. இப்பப் போய்க் கிளறினா எண்பத்து நாலு தாளையும் திரும்பத் திருத்தணும். தப்பு யாருதுன்னு கேப்பாங்க. யோசிச்சுக்குங்க இன்பமேரி."

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 16

எதுவும் செய்யவில்லை.

மே 27

மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஊருக்குள் நடக்க முடியவில்லை. செம்மநத்தத்தில் சௌமியா வீட்டுக்குப் போகாததற்கு இதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன். கார்கள் வழி விடாமலா இருந்தன? எனக்குத்தான் கால் வரவில்லை.

ஜூன் 7, சனி

போனேன். ஊட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தது சௌமியாவின் அம்மா மாரியம்மாள். சௌமியா இல்லை. சேலத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாளாம். துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலை. பதினாலு வயது.

சொல்லிவிட்டேன். அவள் எழுதியது சரி, நான்தான் தப்பு என்று.

"சரியாத்தான் எழுதுனேன், எண்ணிப் பாத்தா முப்பத்தேழு வரணும்னு ரெண்டு நாளா அழுதாளுங்க. டீச்சர் தப்பு பண்ணுவாங்களாடின்னு நாந்தான் ரெண்டு அறை குடுத்தேன்."

கத்தியிருக்கலாம். வெளியே போ என்றிருக்கலாம். அந்த அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் 9

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன். இன்னொரு பிரதி கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்றார்.

எனக்கு ஆனது ஏப்ரலில். இப்போதுதான் கேட்கிறார்.

ஜூன் 20

மதிப்பெண்ணைத் திருத்தி, தேர்ச்சி என்று புது டி.சி. கொடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்குச் சொன்னார்கள். "இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமுங்க" என்றார் சித்தன். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. சேலத்திலிருந்து அவளைக் கூட்டிவந்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

எனக்கும் ஒரு கடிதம். சரியான விடைக்குறிப்பு தயாரிக்கத் தெரியாத ஆசிரியர் என்று நான் எழுதிக் கொடுத்ததையே மேற்கோள் காட்டி நீக்கியிருக்கிறார்கள். பதினாறு வருஷம். ஒரு வார்த்தை மறுக்க முடியாது. அதுதான் எரிகிறது.

ஜூலை 3

வாழவந்தியில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். விடையை மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் பலகைப் பக்கமே போகிறேன்.

அக்டோபர் 11, சனி

பஸ் ஸ்டாண்டில் சௌமியா. அவளேதான் வந்து வணக்கம் சொன்னாள். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"கணக்கு எப்படிப் போகுது கண்ணு?"

"காலாண்டுல நாப்பத்தொண்ணுங்க மிஸ்."

"வரைபடம் போட்டியா?"

"போட்டேனுங்க. கோடு போட்டு முடிச்சதும், தப்பா இருக்குமோன்னு தோணுச்சு. அழிச்சிட்டேன். அழிச்ச கோடுதான் சரின்னு அப்புறம் சார் சொன்னாங்க."

அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைக்காமல் எனக்காக நகர்ந்துகொண்டாள். நான் போக வேண்டியதும் அதே பஸ்தான்.

ஏறவில்லை.