அண்ணன் பார்த்த நாட்கள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? கண்டியில் நான் நலம்.

போன கிழமை ஓர் ஆராய்ச்சிக்காக என் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், நோகவில்லை. என் வருத்தத்தை, இந்த மனநோயை, நடிப்பு என்று ஊரெல்லாம் சொன்ன அண்ணனுக்கு அந்தப் படத்தை அனுப்பத்தான் ஒத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னதும், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஸுமைரா சிரித்தார். "இருமுனை நோய்னு படத்த மட்டும் வெச்சு இன்னும் சொல்ல ஏலாது, சேர். நீங்க தூங்காமத் திரிஞ்ச நாளெல்லாம் கூட இருந்து பாத்த ஆள் யாரு? அவரக் கூட்டிட்டு வாங்க."

பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். அவர் பேசியதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இந்த டாக்டரைப் போல இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் விசாரித்ததில்லை; மனம் லேசாக இருக்கிறது. அண்ணனை வரச் சொல்லுங்கள். என் கம்பளிச் சட்டையையும் கொஞ்சம் பருத்தித்துறை வடையையும் கொடுத்துவிடுங்கள். மாலையில் தனியாகத் தேநீர் குடிப்பது அலுத்துவிட்டது. டாக்டர் முன்னால் அவர் என்ன சொன்னாலும் நான் குறுக்கே பேச மாட்டேன் என்று சொல்லுங்கள்.

பஸ் தரிப்பில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
கமலநாதன்