நிறுவனர் என்று போட்ட நாளிலிருந்து

அன்புள்ள என்னவருக்கு,

நானும் நம் வாலுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சூப்பர்வைசர் ஆன பிறகும் கிடங்கில் நீங்களே பெட்டி தூக்குகிறீர்கள் என்று தெரியும். கேட்டால் பரவாயில்லை என்பீர்கள். உங்கள் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

மாடி வீட்டுக்காரர் நாளை அங்கே வர விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்காதீர்கள். சொல்லிப் பார்த்தேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அறையில் இருக்கிறவர்களிடம் "முதலாளியம்மா லைன்ல இருக்காங்க, எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்று சிரித்தீர்கள். அவர்களும் சிரித்தார்கள். அத்தனை பேர் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படி அழுவது?

விஷயத்துக்கு வருகிறேன். முதல் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடப் போகிறேன் என்றீர்களே, கொடுக்காதீர்கள். எனக்கு வேலை எதுவும் வரவில்லை. அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்கள். எனக்கு எப்போதுங்க அடக்கம் இருந்தது?

எங்கள் ஆபீசில் விளம்பரப் பிரிவையே இழுத்து மூடியபோது, வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நம்பினேன். உத்தியோகம் பார்க்கிறவர்கள் எல்லாம் போட்டோவோடு கூடியிருக்கிற அந்த வலைத்தளத்தில் என் பக்கத்தைத் திறந்து, எழுத்து வேலை தேடுகிறேன் என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாளே, அவள்தான் போன் செய்து திட்டினாள். வேலை தேடுறேன்னு போட்டா எவன்டி கொடுப்பான், கம்பெனி நடத்துறேன்னு போடு, தானா தேடி வருவாங்க என்றாள். நானும் தலையாட்டினேன். இல்லாத நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்து, அதற்குக் கீழே நிறுவனர் என்று போட்டேன்.

அந்தத் தளம் அதை ஊருக்கெல்லாம் தானாகவே சொல்லும் என்று எனக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் வாழ்த்து மேல் வாழ்த்து. நமக்குப் பால் போடுகிறவரின் தம்பிகூட வாழ்த்தியிருந்தார். உங்கள் மேனேஜர் வாழ்த்தினார். அவர் சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்தது. நீங்கள் போன் செய்து, உங்கள் குரல் அப்படி உடைந்து, இனிமே நான் இங்க எதுக்குடி என்று கேட்டபோது, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அப்போதே சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை. கட்டிய பெண்டாட்டி சொல்வதைவிட அந்தத் திரை சொல்வதுதான் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வேலை தேடுகிற எழுத்துக்காரர்கள். அவர்களுக்கு நான் வாழ்த்து சொல்வேன், எனக்கு அவர்கள் சொல்வார்கள். காலையில் வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறந்தால் இதே வேலைதான். முன்பின் தெரியாத மேலாளர் எழுதியதற்கெல்லாம் அருமை, சிந்திக்க வைத்தது என்று அசடு வழிய வேண்டும். அப்புறம் தனிச் செய்தியில் போய், எழுத ஆள் தேவைப்படுமா என்று கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுங்கள் என்பார்கள். மெத்தைக் கம்பெனி ஒன்றுக்கு நல்ல தூக்கம் பற்றி எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. போன வாரம் பார்த்தால் அவர்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை மாறாமல் அது கிடக்கிறது. தூக்கத்தைப் பற்றித் தூக்கமே இல்லாத நான்தான் எழுதினேன் பாருங்கள். எனக்கு அதைப் படித்துவிட்டுச் சிரிப்புதான் வந்தது, பிறகு வெகுநேரம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒருவர்தான் தானாகத் தேடி வந்தார். பல் டாக்டர். வாராவாரம் எழுதித் தர ஆள் வேண்டும், வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றார். இது மட்டும் அமைந்தால் உங்களை நானே வாங்க என்று கூப்பிட்டுவிடலாம் என்று மனசு துள்ளியது. வீடியோவில் பேசுவதற்காகப் பாத்திர அலமாரியைப் போர்வையால் மறைத்தேன். வாலு வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். நான் எழுதியது டாக்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கம்பெனி வைத்திருக்கிறீர்களே, வேலையை வாங்கி உங்கள் ஆட்களிடம் தள்ளிவிடுவீர்கள், எங்களுக்குத் தானே உட்கார்ந்து எழுதுகிறவர்தான் வேண்டும் என்றார். ஆட்களே கிடையாது டாக்டர், எல்லாம் நான் ஒருத்திதான் என்று அவசரமாகச் சொன்னேன். அப்போ அந்தப் பக்கத்துல போட்டிருக்கிறது பொய்யாம்மா என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரை அணைந்த பிறகு வாலு வெளியே வந்து, கிடைச்சிடுச்சாம்மா, அப்பா வந்துடுவாரா என்று கேட்டாள்.

அன்றைக்கே அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். எடுத்ததை மட்டும் அந்தத் தளம் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் சம்பளம் ஒன்றில்தான் இந்த வீடு ஓடுகிறது. அதுவும் நின்றால் வாலுவின் பள்ளி நிற்கும், இந்த வீடும் நம் கையில் இருக்காது. அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனீர்கள். இப்போது பல் விழுந்து முளைக்கிறது. அந்த இரும்புக் கட்டிலில் மேல்தட்டில் ஏறி, கூரை இடிக்காமல் குனிந்தபடி நீங்கள் சாப்பிடுவதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அங்கேயே இருங்கள் என்று எழுதுவதற்கு எனக்கு எப்படிக் கை வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இருங்கள்.

இன்னொன்று. வாலு தன் துணிகளையெல்லாம் அள்ளி அலமாரியில் என் தட்டில் திணித்துவிட்டு, தன் தட்டை உங்களுக்காகக் காலி செய்து வைத்திருக்கிறாள். அதைத் திரும்ப அடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பெட்டி தூக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்களை நினைத்து ஏங்காதீர்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்த ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் கொடுத்துவிட்டீர்கள் என்றால், போன் செய்து சொல்லாதீர்கள். நான் திட்டிவிடுவேன். பேசாமல் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வருகைக்காகக் காத்திருக்காமல் இருக்கப் பழகாத,
உங்களவள்